பொன்நிறக் கோடுகள்

பதில் அனுப்ப நாற்பத்தொன்பது மணி நேரம் இருந்தது.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ரஞ்சனா மேடம் அந்த மின்னஞ்சலைத் திறந்தார். நானும் அல்தாபும் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்தோம். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் திருத்திய கட்டுரை வந்தால் வெளியிடுவதாக இதழாசிரியர் எழுதியிருந்தார். அதைப் படித்துப் பார்த்த இரண்டு நிபுணர்களில் ஒருவருக்கு எந்தக் குறையும் இல்லை. இன்னொருவர் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார்.

"மூணே மூணுதான்," என்றார் மேடம். கண்ணாடியைக் கழற்றி மூக்கின் இரண்டு பக்கத்தையும் தேய்த்துக்கொண்டார். "அளவு டேபிள்ல ஒரு டெசிமல் தப்பு. ரெஃபரன்ஸ் ஒண்ணு விட்டுப்போச்சு. அது ரெண்டும் அல்தாபுக்கு. மூணாவது வடிவுக்கு," என்று என் பக்கம் திரும்பினார்.

"அளவு எடுத்தது அவ. தப்பு மட்டும் எனக்கா?"

"டைப் பண்ணினது யாரு?"

"மாஃப் கரோ, மேடம்," என்று மன்னிப்புக் கேட்டான் அல்தாப்.

மூன்றாவது கேள்வியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மீனின் தலையில் காணப்படும் பொன்நிறக் கோடுகள் இந்தக் குடும்பத்து மீன்களில் இதுவரை எங்கும் பதிவாகவில்லை. மீன் கரைக்கு வந்ததிலிருந்து படம் எடுக்கப்பட்டது வரை அது எங்கே, எப்படி வைக்கப்பட்டிருந்தது?

"நீதானே கொண்டு வந்தே," என்றார் மேடம். "ஒரு பாரா எழுதிடு. நாலு வரி போறும்."

"சரி மேடம்," என்றேன்.

செம்பூரில் நான் படித்த கல்லூரியிலேயே, விலங்கியல் துறையில், மேடத்தின் ஆய்வுத் திட்டத்துக்கு உதவியாளராக இருக்கிறேன். எம்.எஸ்ஸி. முடித்து இரண்டு வருடம் ஆகிறது. இந்தக் கட்டுரை வெளிவந்தால் பிஎச்.டி.க்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்று மேடம் சொல்லியிருந்தார். அல்தாப் வடாலாக்காரன். பிஎச்.டி.யின் நான்காவது வருடத்தில் இருக்கிறான். எங்கள் துறைக்கு வரும் எல்லா மீன்களையும் படம் எடுப்பவன் அவன்தான்.

கட்டுரை ஒரே ஒரு மீனைப் பற்றியது. சுறாவுக்கும் திருக்கைக்கும் அது தூரத்துச் சொந்தம். எலும்பு கிடையாது, உடம்பு முழுக்கக் குருத்தெலும்பு. எழுநூறு மீட்டர் ஆழத்தில், வெளிச்சம் எட்டாத இடத்தில் இருப்பது. பெரிய பச்சைக் கண். முயலுக்கு இருப்பதுபோல் முன்னால் தள்ளிய பல். முதுகுத் துடுப்பின் முன்னால் நீண்ட முள், அதில் லேசான விஷம். உடம்பு பின்னால் போகப்போக மெலிந்து எலிவாலாக முடியும். தலையில், மூக்கிலிருந்து கண்ணுக்குக் கீழாக வளைந்து போகும் திறந்த பள்ளங்கள் உண்டு. தண்ணீரின் அசைவை மீன் அவற்றால் அறிகிறது. பார்ப்பதற்கு யாரோ தலையைக் கிழித்து மறுபடி தைத்த மாதிரி இருக்கும். இந்த வகை மீன்கள் எல்லாவற்றிலும் பள்ளங்கள் இருக்கின்றன. எங்கள் மீனில் மட்டும் அவை பொன்நிறத்தில் இருந்தன.

புதிய இனம் என்பதற்கு நாங்கள் நான்கு வேறுபாடுகளைக் காட்டியிருந்தோம். முள் கொஞ்சம் நீளம். கண் கொஞ்சம் பெரிது. மரபணுவில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு வித்தியாசம். இந்த மூன்றும் எல்லைக்கோட்டில் நின்றன. ஏற்கெனவே தெரிந்த ஓர் இனத்தில் சற்றுப் பெரிதாக வளர்ந்த மீன் என்று யாராவது சொன்னால் அதை மறுக்க எங்களிடம் வேறு மீன் இல்லை. நான்காவது வேறுபாடு நிறம். மேடம் இனத்தின் பெயரையே அதிலிருந்து எடுத்தார். ஆரேட்டஸ். லத்தீனில் பொன்நிறமானது என்று பொருள். அச்சில் வந்துவிட்டால் அந்தப் பெயருக்குப் பின்னால் எங்கள் மூவரின் பெயரும் ஆண்டும் எப்போதும் நிற்கும். மேடம் பதினான்கு வருடங்களாக, மற்றவர்கள் பெயர் வைத்த மீன்களைப் பட்டியல் போட்டவர். அவர் பெயர் வைக்கும் முதல் மீன் இது.

மதியம் டெசிமல் தப்பைச் சரிபார்க்க நானும் அல்தாபும் ஜாடியைத் திறந்தோம். இடுக்கியால் மீனைத் தூக்கித் தட்டில் கிடத்தினோம். ஏழு மாதம் ஆல்கஹாலில் கிடந்து சாம்பல் கலந்த பழுப்பாகிவிட்டது. தலையின் பள்ளங்களில் இப்போது எந்த நிறமும் இல்லை.

"ஃபோட்டோல பாத்தா ஹீரோயின்," என்றான் அல்தாப். "மேக்கப்பைக் கலைச்சா பாரு, நம்ம ஹெச்.ஓ.டி. மாதிரி இருக்கு."

நான் முள்ளை அளந்தேன். மூன்று முறை. ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு மில்லிமீட்டர். அவன் எழுதிக்கொண்டான்.

"என்ன, காய்ச்சலா உனக்கு?"

"இல்லை."

"பேசவே மாட்டேங்கறே. சரி, எப்பதான் பேசினே."

அந்த இடத்தில் அவனிடம் சொல்லியிருக்கலாம். மீனை ஜாடிக்குள் இறக்கி மூடியைத் திருகினேன்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன் நான் சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவேன். படகுக்காரர்கள் கழித்துப் போடும் மீன்களைக் கிளறி, பெயரும் எண்ணிக்கையும் எழுதுவது என் வேலை. ஏழு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, ஆழ்கடல் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பிய ஒரு படகின் கழிவில் அது கிடந்தது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி, அதை வைத்துக்கொண்டு செம்பூருக்கு வந்தேன். காவலாளி துறையைத் திறக்கவில்லை. மறுநாளும் விடுமுறை. கடிதம் இல்லாமல் திறந்தால் தன் வேலை போய்விடும் என்றார். மேடத்துக்குப் போன் செய்திருக்கலாம். வீட்டில் ஏதோ விசேஷம் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் கூப்பிடத் தயக்கமாக இருந்தது. பெட்டியை எங்கள் வீட்டுக்கு, தாராவிக்குக் கொண்டு போனேன். செவ்வாய்க்கிழமை மேடம் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மேடம் கேட்கவில்லை.

திங்கள் பகலில் ஐஸ் உருகிவிட்டது. மீனவர் குடியிருப்பான கோலிவாடா பக்கம் ஐஸ் வாங்கப் போனேன். திரும்பிவர ஒரு மணி நேரம் ஆனது. வந்து பார்த்தால், பாத்திரம் கழுவும் மோரியில் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து மீனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு அது சுறா. எங்கள் வீடுகளில் சுறா வாங்கினால் முதலில் கல் உப்பும் மஞ்சள்தூளும் போட்டு அழுத்தித் தேய்ப்பார்கள். பிறகு வெந்நீர் ஊற்றித் தோலைச் சுரண்டுவார்கள். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஐஸு உருகிட்டுல்லா," என்றாள் அம்மா. "வீடே நாறுது. நாளைக்கி இத ரயில்ல ஏத்த விடுவானா? மஞ்சப் போட்டா ரெண்டு நாள் தாங்கும்ட்டி."

நான் கத்தினேன். அப்படிக் கத்தியதே இல்லை. பிறகு மீனைப் பிடுங்கிக் கழுவினேன். காலையில் பிடித்து வைத்த தண்ணீரில் இரண்டு குடம் தீர்ந்தது. உடம்பில் இருந்த மஞ்சள் போய்விட்டது. தலையின் பள்ளங்களிலும் துடுப்புகளின் ஓரத்திலும் இருந்தது போகவில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். தோல் உரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, சொல்ல வேண்டியதை ரயிலில் மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். பெட்டியைத் திறந்தேன். மேடம் குனிந்து பார்த்தார். என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, என்னடி இது! தங்கக் கம்பி வெச்சு இழைச்ச மாதிரி!"

பக்கத்து அறைகளிலிருந்து எல்லோரும் வந்தார்கள். அல்தாப் விளக்குகளைப் பொருத்தினான். மேடம் ஒவ்வொருவரிடமும், "வடிவு கண்டுபிடிச்சா, வடிவு," என்றார். மதியம் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு மாலையில் என்று. பிறகு அந்த வாரத்துக்குள் என்று. மீன் ஃபார்மலினுக்குப் போனது, அங்கிருந்து ஆல்கஹாலுக்கு. ஆல்கஹால் மஞ்சளானது. ஆழ்கடல் மீனில் கொழுப்பு அதிகம், அதுதான் நிறம் விடுகிறது என்று அல்தாபே காரணம் சொல்லி அதை மாற்றி ஊற்றினான். பதப்படுத்தியபின் நிறம் மறைகிறது என்று மேடம் கட்டுரையில் ஒரு வரி சேர்த்தார். நான் முப்பத்திரண்டு அளவுகளை எடுத்துக் கொடுத்தேன். அவை எல்லாம் சரியானவை.

புதன் மாலை குர்லாவில் மாறி ஏறிய ரயிலில் உட்கார இடமில்லை. நின்றபடியே போனில் அந்த நாலு வரியை எழுதிப் பார்த்தேன். மீன் கரைக்கு வந்த உடனே ஐஸில் வைக்கப்பட்டது. அது உண்மை. ஐம்பத்தொரு மணி நேரம் ஐஸில் இருந்தது. அழித்தேன். பெரும்பாலும் ஐஸில் இருந்தது என்று மாற்றினேன். அதையும் அழித்தேன்.

"சயான் உதர்னா க்யா?" சயானில் இறங்க வேண்டுமா என்று கேட்டு, பின்னாலிருந்து ஒரு பெண் என் முதுகில் பையால் இடித்தாள். தலையை ஆட்டினேன். "தோ ஆகே படோ நா! மொபைல் மே குஸ் கயீ ஹை!" முன்னால் நகராமல் மொபைலுக்குள் புகுந்துவிட்டேனாம். கூட்டம் என்னை இறக்கிவிட்டது.

வீட்டில் அம்மா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தையல் பட்டறையில் நூல் வெட்டும் வேலை அவளுக்கு. சட்டைக்கு ஆறு இடம், நாள் முழுக்க. வலது கை விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, மொகம் செத்துப்போயி வார? சாப்ட்டியா?"

"பெறவு."

"டப்பாவ நீட்டு." வாங்கித் திறந்து பார்த்தாள். "அப்படியே கெடக்கு. பெறவு யாருக்காவ நான் அஞ்சு மணிக்கு எந்திச்சுப் பொங்குதேன்? அந்த ஜாடில கெடக்க மீனுக்கா?"

நான் போனில் படத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். அந்தப் படத்தை அவளுக்குக் காட்டியதில்லை. கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது அந்தச் சனியன்லா! இதுக்க முள்ளு குத்தி நாலு நாளு கத்திரி பிடிக்க முடியாமக் கெடந்தேன்." இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். சிரிக்க ஆரம்பித்தாள். "ஏட்டி, மஞ்ச போவவே இல்லியே! மூஞ்சில கோலம் போட்ட மாதிரில்லா இருக்கு. கழுவிட்டுப் பிடிக்கக் கூடாதா? பாக்கவன் சிரிக்க மாட்டானா?"

"அவங்களுக்கு மஞ்சன்னு தெரியாதும்மா. மீனோட நெறமே அதான்னு நெனைச்சிட்டாங்க. பேரும் அத வெச்சுத்தான்."

அம்மா போனைத் தரையில் வைத்தாள்.

"இவ்வளவு படிச்சவங்களுக்கு மஞ்சளப் பாத்தாத் தெரியாதா?"

"மேடம் வீட்டுல மீனே கெடையாதும்மா. சைவம்."

"அந்த அல்தாப்பு? அவனும் சைவமா?"

"அவன் பொரிச்ச பெறவுதான் பாப்பான்."

"நீ சொல்லலியா?"

நாளை மறுநாளுக்குள் என்ன எழுதியாக வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"எழுதிர வேண்டியதுதான," என்றாள்.

"எழுதினா மேடத்துக்கு அந்த மீனு போயிரும்மா."

"அது எங்க போவும்? செத்த மீனு, ஜாடில கெடக்கு." பிறகு சற்று நேரம் விரல்களை நீவினாள். "நான் வந்து சொல்லட்டாட்டி? நாந்தான் தேச்சேன், பிள்ளைக்கி ஒண்ணுந் தெரியாதுன்னு?"

"வேண்டாம்."

"அப்ப போயி மூஞ்சியக் கழுவு. பாக்க முடியல."

மறுநாள் மேடம் கல்லூரிக்கு வரவில்லை. விடைத்தாள் திருத்த வேண்டும் என்று என்னை மாட்டுங்காவில் இருந்த தன் வீட்டுக்கு வரச் சொன்னார். மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான் போனபோது பகல் பன்னிரண்டு. இன்னும் இருபத்துநாலு மணி நேரம்.

சாப்பாட்டு மேசை முழுக்க விடைத்தாள் கட்டுகள். நடுவில் லேப்டாப். மேடம் ஈரத் தலையில் துண்டோடு கதவைத் திறந்தார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்தார். "ஸ்கூல்லேர்ந்து நகுலை நீங்களே கூட்டிண்டு வந்துடுங்கோ. என்னால கீழ எறங்கி ஏற முடியாது. ப்ளீஸ்," என்று சொல்லி வைத்தார்.

"வா வடிவு. சாப்டியா? மோர்சாதம்தான் இருக்கு."

"ஆச்சு மேடம்."

"பாரா எழுதினியா?"

"இல்லை மேடம்."

"தெரியும். உன்னை நம்பினா வெள்ளிக்கிழமை தாண்டிடும்னுதான் நானே எழுதிட்டேன்." லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "படிச்சுப் பாரு. சரின்னா இப்பவே அனுப்பிட்டு ரெண்டு மணி நேரம் தூங்கறேன். நாலு நாளா தூக்கமே இல்லை."

ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்கள். மீன் படகிலிருந்து நேரடியாகப் பெறப்பட்டு ஐஸில் வைக்கப்பட்டது. மூடிய பெட்டியில் அதே நாள் துறையின் குளிர்பதனப் பெட்டிக்குக் கொண்டுவரப்பட்டது. படம் எடுக்கும்வரை அதன்மேல் எந்தப் பொருளும் பூசப்படவில்லை.

முதல் வாக்கியம் உண்மை. மற்ற இரண்டையும் அவர் வேண்டுமென்று புனையவில்லை. வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்பதால் எழுதியிருந்தார்.

"இன்னொண்ணு," என்றார் மேடம். "உங்கம்மா பேர் என்ன?"

"எதுக்கு மேடம்?"

"நன்றி சொல்ற இடத்துல போடலாம்னு. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு உன்னோட எழுந்து டீ போட்டுக் குடுத்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் வராங்கன்னு ஒரு தடவை சொன்னியே. நீ என்கிட்ட சொன்ன ஒரே சொந்த விஷயம் அதான்." சிரித்தார். சிரிப்பு பாதியில் கொட்டாவியானது. "சொல்லு."

"மாரிசெல்வி."

அவர் தட்டினார். திரையில் கடைசிப் பத்தியில், படகு உரிமையாளர் சங்கத்துக்கும் மரபணு ஆய்வகத்துக்கும் பக்கத்தில் அம்மாவின் பெயர் வந்து நின்றது.

"என்னோட கைடு ஆறு மீனுக்குப் பேர் வெச்சார்," என்றார் மேடம். எதையோ தேடி விடைத்தாள் கட்டை நகர்த்தினார். கிடைத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "எனக்கு ஒண்ணு போறும். இந்த வருஷத்துல முழுசா முடிச்சேன்னு சொல்லிக்க ஒரு வேலை இல்லைடி. இதாவது முடியட்டும். சரியா இருக்கா பாரா?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் நின்னுண்டே இருக்கே? உக்காரு."

உட்கார்ந்தேன். நாற்காலியிலும் ஒரு விடைத்தாள் கட்டு இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கனமாக இருந்தது. மேடம் கையை மௌஸின் மேல் வைத்தார்.

"ஐஸைத் தவிர மேல வேற எதுவும் படலையே?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். கண் திரையில் இருந்தது. ஆனால் ஏழு மாதத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் நான் பொய் சொல்லவில்லை என்று ஒவ்வொரு நாளும் ரயிலில் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். மாலையில் திரும்பும்போது கால்கள் வலிக்கும், அப்போதும் அதையே சொல்லிக்கொள்வேன். இனிமேல் அதையும் சொல்லிக்கொள்ள முடியாது.

"வடிவு?"

"பட்டுது மேடம்."

அவர் மௌஸிலிருந்து கையை எடுக்கவில்லை. முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"என்ன பட்டுது?"

"அதை நான் எங்க வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். துறை பூட்டியிருந்துது. ரெண்டு நாள் எங்க வீட்டுல இருந்துது." விடைத்தாள் கட்டை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். "அந்தக் கோடு மீனோடது இல்லை மேடம். எங்கம்மா அதைச் சுறான்னு நெனைச்சுத் தேய்ச்சாங்க. அது மஞ்சத்தூள்."